கிராணியம்மா எழுதிய சாவுக் கடிதம்

அர்ஜுனன் செத்துப்போனான் என்று அவன் பெண்சாதிக்குத் தன் கையால் கடிதம் எழுதிப் போட்டவள் அன்னமேரி. ஐந்து மாதம் கழித்து, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தெட்டாம் வருஷம் ஜூலையில் ஒரு வியாழக்கிழமை காலை, அந்த அர்ஜுனன் பினாங்கில் அவள் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

அவள் கொல்லைப்புறத்தில் கெம்போங் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். யாரோ கூப்பிடும் சத்தம் கேட்டு, ஈரக்கையோடு முன்பக்கம் வந்தாள். முப்பது வயது மதிக்கத்தக்க ஆள். வெயிலில் கருத்த முகம், தோளில் ஒரு துணி மூட்டை.

"கிராணியம்மா வீடு இதுதானே?"

"ஆமா. யாரு வேணும்?"

"ஆசுபத்திரியில செத்தவங்க வீட்டுக்குக் காயிதம் எழுதுறது நீங்கதானா?"

"நான்தான். உங்க வீட்டு ஆளு யாராச்சும் தவறிட்டாங்களா?"

"நான்தாம்மா" என்றான் அவன்.

குடித்திருக்கிறான் என்று நினைத்து அவள் கதவைச் சாத்தப் போனாள். அவன் நகரவில்லை. கோபமும் இல்லை. பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொன்னான்.

"என் பேரு அர்ஜுனன். வந்தவாசிப் பக்கம் மேல்புத்தூரு. பெண்சாதி பேரு குணவதி. மாசி மாசம் நெஞ்சுச் சளி கண்டு செத்துட்டேன்னு எழுதியிருக்கீங்க. கண்ணை மூடுற வரைக்கும் அவ பேரையே சொல்லிக்கிட்டிருந்தேன்னும் எழுதியிருக்கீங்க."

அன்னமேரி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கடைசி வரி அவளே சேர்த்தது. படிக்கிறவர்களுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று எல்லாக் கடிதத்திலும் அப்படி ஒரு வரி சேர்ப்பாள்.

அவள் இந்த வேலையில் இறங்கி ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. கணவன் பாக்கியநாதன் துறைமுகக் கிடங்கு ஒன்றில் மூட்டைகளைக் கணக்குப் பார்க்கும் கிராணி. பிள்ளை இல்லை. ஒரு ஞாயிறு மாதா கோயிலில் பூசை முடிந்ததும் சாமியார் பொதுவாகக் கேட்டார்: ஏழைகள் ஆசுபத்திரியில் தமிழ் ஆள்கள் நிறையப் பேர் கிடக்கிறார்கள், எழுதப் படிக்கத் தெரிந்த பெண்கள் யாராவது வாரத்தில் ஒரு நாள் போய் அவர்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுக்க முடியுமா என்று. மூன்று பேர் கை தூக்கினார்கள். இரண்டு மாதத்தில் மற்ற இருவரும் நின்றுவிட்டார்கள். அன்னமேரி மட்டும் புதன்கிழமை தவறாமல் போய்க்கொண்டிருந்தாள்.

வெல்ட் கீ துறையில் மூட்டை தூக்குகிறவர்கள், கடலுக்கு அந்தப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து ஃபெர்ரியில் கொண்டுவரப்பட்டவர்கள், இவர்கள்தான் அந்த வார்டு முழுக்க. சொல்லச் சொல்ல எழுதுவாள். அடுத்த புதன் வரும்போது சில கட்டில்களில் வேறு ஆள் படுத்திருப்பான். போனவன் எங்கே என்று கேட்டால், வார்டு வேலை பார்க்கும் டிரெஸர் கையால் மேலே காட்டுவார். ஊருக்குச் சொன்னீர்களா என்று கேட்டபோது, அது எங்கள் வேலை இல்லை என்றார். அதையும் அவளே எடுத்துக்கொண்டாள். கட்டில் தலைமாட்டில் தொங்கும் அட்டையில் இருக்கும் பெயரையும் ஊரையும் பார்த்து எழுதுவாள். யாரும் அவளைச் செய்யச் சொல்லவில்லை. செய்யக்கூடாது என்றும் சொல்லவில்லை. அதுவரை முப்பத்தெட்டுக் கடிதம் போயிருந்தது.

"அட்டையில உங்க பேருதான் இருந்துச்சு" என்றாள் அர்ஜுனனிடம்.

"இருந்திருக்கும். வில்லை என்னோடது."

துறைமுகத்தில் ஒவ்வொரு கூலிக்கும் நம்பர் வெட்டிய பித்தளை வில்லை ஒன்று உண்டு. காலையில் வில்லையைக் காட்டினால்தான் வேலை. இரண்டு மாதம் வராமல் இருந்தால் வில்லை போய்விடும், இடமும் போய்விடும். அர்ஜுனனுக்குக் கெடாவில் ரோடு போடும் வேலை கிடைத்தது. திரும்பி வரும்போது இடம் இருக்க வேண்டுமே என்று, வேலை தேடி அலைந்த ஒருவனிடம் வில்லையைக் கொடுத்துவிட்டுப் போனான். அந்த ஆள் ஏதோ தோட்டத்திலிருந்து ஓடி வந்தவன். சொந்தப் பெயரைச் சொன்னால் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று பயந்தவன். அர்ஜுனனாகவே வேலை செய்தான், அர்ஜுனனாகவே சீக்கில் விழுந்தான். கூட்டிக்கொண்டு போய்ச் சேர்த்த தண்டல், அதாவது கூலிகளை மேய்க்கும் தலைவன், வில்லை நம்பரைப் பார்த்து அர்ஜுனன் பெயரையும் ஊரையும் எழுதவைத்தான்.

"அந்த ஆளு பேரு என்ன?"

"கேக்கலம்மா. சாமின்னு கூப்பிடுன்னாரு. கூப்பிட்டேன். இடது கையில ரெண்டு விரல் இல்ல, அதான் அடையாளம்."

தான் செத்த சேதி அர்ஜுனனுக்குப் போன வாரம்தான் தெரிந்தது. கெடாவில் அலோர் ஸ்டார் ஊரில் அவன் ஊர்க்காரன் ஒருவன் புதிதாக வந்து இறங்கியிருந்தான். அர்ஜுனனைப் பார்த்ததும் கையிலிருந்த சட்டியைப் போட்டுவிட்டு ஓடினான். துரத்திப் பிடித்து விசாரித்தால், ஊரில் காரியமே முடிந்துவிட்டது. குணவதிக்குத் தாலி அறுத்தாயிற்று. புருஷன் வீட்டில் இனிமேல் உனக்கு என்ன இருக்கிறது என்று கேட்டுவிட்டார்கள். அவள் ஒரு கங்காணியிடம் பெயர் கொடுத்துவிட்டாள், அடுத்த கப்பலில் வருகிறாள்.

"எதுக்கு இங்க வர்றாங்க?"

"என்னைப் புதைச்ச இடத்தைப் பாக்கணுமாம்" என்றான் அர்ஜுனன். "அது எங்கன்னு உங்களுக்குத்தானே தெரியும். அதான் வந்தேன்."

சாயங்காலம் பாக்கியநாதன் வீட்டுக்கு வந்தபோது மீன் அப்படியே கிடந்தது. அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். ஆச்சரியப்படவில்லை. அதைப் பார்த்த பிறகுதான் அவளுக்குச் சந்தேகம் வந்தது.

"வில்லையைக் கைமாத்துறது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்லா."

"எப்பேர்ந்து?"

"வேலைக்குச் சேர்ந்த நாள்லேர்ந்து. காலையில நம்பரைக் கூப்பிடுவேன். கையைத் தூக்குறவன் நேத்து தூக்கின ஆளு இல்லைன்னு தெரியும். மூட்டை இறங்கினா சரி. முகத்தை யாரு பாக்குறா?"

"நான் உங்க முன்னாலதானே உக்காந்து எழுதினேன். நீங்கதானே உறை ஒட்டிக் குடுத்தீங்க."

பாக்கியநாதன் சப்பாத்தைச் சுவரோரம் வைத்தார்.

"ரெண்டையும் சேத்து யோசிக்கல, மேரி" என்றார். "சத்தியமா யோசிக்கல."

ஒன்பது வருஷம் கூட வாழ்ந்தவர். பொய் சொல்லவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. அதுதான் அவளை இன்னும் அதிரவைத்தது. அவளும்தான் யோசிக்கவில்லை.

கப்பலில் வருகிறவர்களைப் பக்கத்தில் ஒரு சின்னத் தீவில் ஒரு வாரம் தனியாக வைத்திருந்து, நோய் இல்லை என்று பார்த்துவிட்டுப் அக்கரையில் பிறை என்ற ஊரில் உள்ள முகாமுக்குக் கொண்டுவருவார்கள். அங்கிருந்துதான் தோட்டங்களுக்குப் பிரித்து அனுப்புவது. அர்ஜுனனும் அன்னமேரியும் தினமும் ஃபெர்ரியில் போய் முகாம் வேலிக்கு வெளியே நின்றார்கள். நான்காம் நாள் ஆள்களை வரிசையாக உள்ளே கொண்டுவந்தார்கள்.

குணவதியை அர்ஜுனன் கை காட்டினான். உயரமான பெண். நெற்றியும் கழுத்தும் வெறுமையாக இருந்தன. அவன் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். அவள் திரும்பிப் பார்த்தாள். கத்தவில்லை, ஓடி வரவும் இல்லை. தலையிலிருந்த மூட்டையை மெதுவாக இறக்கி வைத்தாள். அந்த இடத்திலேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். பின்னால் வந்தவர்கள் அவளைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அர்ஜுனன் நடந்ததையெல்லாம் சொன்னான். வில்லை, ரோடு வேலை, அந்த ஆள், கடிதம். அவள் அவன் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. எல்லாம் சொல்லி முடித்த பிறகு, அவள் கேட்ட முதல் கேள்வி இதுதான்.

"அப்ப செத்தது யாரு?"

"தெரியல."

"தெரியலன்னா? நான் பதினாறு நாளு யாருக்காக அழுதேன்?"

அவன் அன்னமேரியைப் பார்த்தான். குணவதியும் பார்த்தாள்.

"அந்தக் காயிதம் எழுதினது நான்தான்" என்றாள் அன்னமேரி. "என்னை மன்னிச்சிருங்க."

"உங்களை எதுக்கு மன்னிக்கிறது? நீங்களாச்சும் எழுதினீங்க" என்றாள் குணவதி. சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தாள். வெகுநேரம் நிறுத்தவில்லை.

முகாம் அதிகாரியிடம் இன்னொரு சிக்கல். பட்டியலில் அவள் விதவை. இவர்தான் கணவர் என்றால், செத்துப்போனவர் எப்படி வந்து நிற்கிறார் என்று அவர் கேட்டார். அர்ஜுனன் செத்துவிட்டான் என்று எழுதிய அன்னமேரி, அவன் உயிரோடு இருக்கிறான் என்று இன்னொரு காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அதற்குப் பிறகுதான் குணவதியை வெளியே விட்டார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயிலில் அர்ஜுனன் அவளுக்கு மறுபடியும் தாலி கட்டினான். ஒரே ஆளுக்கு இரண்டு தடவை கழுத்தை நீட்டியது நான் ஒருத்திதான் என்று குணவதி பிற்பாடு சிரித்துக்கொண்டே சொல்வதுண்டு. அன்று சிரிக்கவில்லை. கோயிலிலிருந்து நேரே அன்னமேரி வீட்டுக்கு வந்தாள்.

"மத்தக் காயிதமெல்லாம் சரியான காயிதமா?" என்று கேட்டாள்.

அன்னமேரியும் ஒரு வாரமாக அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தாள். பெயர்களை எழுதிவைத்திருந்த நோட்டை எடுத்து மேஜையில் வைத்தாள். குணவதிக்குப் படிக்கத் தெரியாது. ஒவ்வொரு பெயராகப் படிக்கச் சொன்னாள். கேட்டதை அப்படியே மனதில் வாங்கிக்கொண்டாள்.

அர்ஜுனன் திரும்பவும் துறைமுகத்தில் சேர்ந்திருந்தான். அவன் தங்கிய கொங்சி வீட்டில் நாற்பது ஆண்கள் பலகைத் தட்டுகளில் படுத்துக்கொள்வார்கள். குணவதி அவர்களுக்குச் சோறு ஆக்கும் வேலையை எடுத்துக்கொண்டாள். சோறு போடும்போது ஒரு பெயரைச் சொல்லி, தெரியுமா என்று கேட்பாள். ஒருவருக்குத் தெரியாவிட்டால் இன்னொருவருக்குத் தெரிந்தது. ஒரு வீட்டில் கேட்டது அடுத்த வீட்டுக்குப் போனது. இரண்டு மாதத்தில் முப்பத்தெட்டுப் பேரில் ஏழு பேர் வேறு ஆள்கள் என்று தெரிந்தது. அந்த ஏழு பெயர்களுக்கு உரிய ஏழு பேரில் மூன்று பேர் அர்ஜுனனைப் போலவே உயிரோடு இருந்தார்கள்.

அவர்களில் ஒருவர், அன்னமேரி வீட்டுக்கு வாரம் இரண்டு தடவை விறகு கொண்டுவந்து போடுகிறவர். துறைமுக வேலையைவிட்டு வந்து, தன் வில்லையை யாரிடமோ கொடுத்தவர். அவர் செத்துவிட்டதாக மார்ச் மாதம் அவளே எழுதியிருந்தாள். எழுதிய அன்றைக்குக்கூட அவர் வந்து விறகு அடுக்கிவிட்டுப் போயிருக்க வேண்டும். இரண்டு வருஷமாக அவரை விறகுக்காரர் என்றே கூப்பிட்டு வந்தாள். பெயர் கேட்டதே இல்லை.

இது தெரிந்த அன்று அவள் நோட்டை எடுத்துக்கொண்டு சாமியாரிடம் போனாள். இனி நான் எழுதப் போவதில்லை என்றாள். சாமியாரும் அதுவே நல்லது என்றார். திரும்பி வந்து குணவதியிடம் சொன்னாள்.

"நிறுத்திட்டா, அந்த ஏழு வீட்டுக்கு யாரு சொல்றது?" என்றாள் குணவதி.

"யாருன்னே தெரியாதவங்க வீட்டை நான் எங்க போயித் தேடுவேன்?"

"ஒத்தையா எதுக்குத் தேடணும்? ஒத்தையா எழுதினதாலதானே அக்கா இப்படி ஆச்சு. அந்த ஆளோட படுத்தவன் இருப்பான், சாப்பிட்டவன் இருப்பான். அவனுங்களைக் கூப்பிட்டுக் கேளுங்க."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாதா கோயில் பள்ளிக்கூடக் கொட்டகையில் கூடுவது என்று முடிவாயிற்று. இடம் கொடுக்கச் சாமியாருக்குப் பாதி மனசுதான். அறுபது பேருக்கு மேல் வந்தார்கள். வந்தார்களே தவிர, யாரும் வாயைத் திறக்கவில்லை. அன்னமேரி முன்னால் நின்று, உங்கள் நிஜப் பெயரைச் சொல்லுங்கள், நோட்டில் எழுதி வைத்துக்கொள்கிறேன், யாருக்கும் காட்டமாட்டேன் என்றாள். நோட்டைப் பார்த்ததும் பின்வரிசையில் பத்துப் பேர் எழுந்து போய்விட்டார்கள். வாசலில் தண்டல் தங்கராஜு சாய்ந்து நின்றுகொண்டிருந்தான். அர்ஜுனன் பெயரை ஆசுபத்திரியில் எழுதவைத்தவன் அவன்தான்.

"பேரைக் கேட்டு போலீசுல குடுக்கப் போறீங்களா கிராணியம்மா?" என்றான். "இதுல பாதிப் பேரு ஓடி வந்தவன். உங்க நோட்டு யாரு கையிலயாச்சும் மாட்டினா எத்தனை பேரு உள்ள போவான், தெரியுமா?"

அன்னமேரிக்கு அவன் சொன்னது நியாயம் என்று பட்டது. குணவதி எழுந்தாள். ஆண்கள் கூட்டத்தில் ஒரு பெண் எழுந்து பேசுவது அங்கே யாருக்கும் பழக்கமில்லை.

"உசுரோட இருக்குற புருசனுக்கு நான் தாலி அறுத்தேன்" என்றாள். "எங்க ஊருல என் வளையலை உடைச்சவங்க என் சொந்த நாத்தனாருங்க. நான் அழுததெல்லாம் யாரோ ஒருத்தருக்கு. அவருக்குன்னு அழவேண்டியவ எங்கயோ இன்னிக்கும் பொட்டு வச்சுக்கிட்டு வாசலைப் பாத்துக்கிட்டிருக்கா. அவ யாருன்னு எனக்குத் தெரியாது. உங்க வீட்டுப் பொம்பளைங்கள்ல யாருக்கு நாளைக்கு இது நடக்கும்னு உங்களுக்கும் தெரியாது."

உட்கார்ந்துவிட்டாள். வாசலில் நின்ற தங்கராஜு தலைத்துண்டை அவிழ்த்தான்.

"என் பேரு தங்கராஜு இல்ல" என்றான்.

கொட்டகையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பன்னிரண்டு வருஷமாக அவனிடம் வேலை செய்தவர்கள் அங்கே இருந்தார்கள்.

"தங்கராஜு என்கூட வந்தவன். கப்பலைவிட்டு இறங்கின மூணாம் மாசம் காலராவுல போயிட்டான். அவன் காகிதம் என்கிட்ட இருந்துச்சு. அவன் ஊருக்கு நான் எதுவும் சொல்லல. சொன்னா என் பொழப்பு போயிரும்." துண்டைக் கையில் சுருட்டினான். "அவனுக்கு அம்மா மட்டும்தான்."

அப்புறம் ஒரு பேச்சும் தேவைப்படவில்லை. நோட்டு வேண்டாம் என்று அவர்களே முடிவு செய்தார்கள். ஒவ்வொரு கொங்சி வீட்டிலும் நம்பிக்கையான இரண்டு பேர். வீட்டில் இருக்கிற எல்லாருடைய நிஜப் பெயரும், தகப்பன் பெயரும், ஊரும் அந்த இரண்டு பேர் மனசில் இருக்க வேண்டும், காகிதத்தில் இருக்கக்கூடாது. யாராவது சீக்கில் விழுந்து ஆசுபத்திரிக்குப் போனால் அந்த இருவரில் ஒருவர் கூடப் போக வேண்டும். செத்தால் முகத்தைப் பார்த்துவிட்டு வந்து அன்னமேரியிடம் சொல்ல வேண்டும். அப்போதுதான் அவள் எழுதுவாள். தண்டல் தன் சொந்தப் பெயரைத் தன் வீட்டு ஆள்கள் இருவர் காதில் சொன்னான். அது அவர்களோடு இருந்தது.

அன்று எழுதிய முதல் கடிதம் காலராவில் போன தங்கராஜுவின் அம்மாவுக்கு. பன்னிரண்டு வருஷம் தாமதம். ஆறுதலுக்காக அன்னமேரி எந்த வரியும் சேர்க்கவில்லை. அந்த அம்மா உயிரோடு இருந்தாரா என்று கடைசி வரை தெரியவில்லை. பதில் வரவில்லை.

அந்தக் கூட்டம் நடந்து மூன்று வாரத்தில் பாக்கியநாதனைக் கிடங்கிலிருந்து கடலுக்கு அந்தப் பக்கம், பட்டர்வொர்த்துக்கு மாற்றினார்கள். காரணம் சொல்லவில்லை. உங்க வீட்டம்மா கூலிகளைச் சேர்த்துக் கூட்டம் போடுகிறார்களாமே என்று மட்டும் பெரிய கிராணி கேட்டார். அன்னமேரி தன்னால்தான் என்று உடைந்துபோனாள்.

"இருக்கட்டும் விடு" என்றார் பாக்கியநாதன். "அங்க நான் நம்பரைக் கூப்பிடுறதில்ல. பேரைக் கேக்குறேன்."

அப்படிக் கேட்டுக்கொண்டிருந்தவருக்குத்தான் அந்தச் சேதி கிடைத்தது. தேங்காய் ஏற்றி வந்த மாட்டுவண்டிக்காரர் ஒருவர் பேச்சுவாக்கில் சொன்னார். பத்து காவான் பக்கம் ஒரு தோட்டத்தில் அஞ்சலை என்று ஒரு பெண். புருஷன் வெள்ளையன், தை மாதம் கங்காணியிடம் அடி வாங்கிக்கொண்டு பினாங்குக்கு ஓடியவன், திரும்பவே இல்லை. வேறு ஒருத்தியோடு போய்விட்டான் என்று கங்காணி சொல்லிவிட்டான். அவன் எப்படி இருப்பான் என்று பாக்கியநாதன் கேட்டார். இடது கையில் இரண்டு விரல் இல்லை, கரும்பு ஆலையில் போனது என்றார் வண்டிக்காரர்.

வில்லை கொடுத்த ஆளுக்கு இரண்டு விரல் இல்லை என்று அர்ஜுனன் முதல் நாளே சொல்லியிருந்தான். புதன்கிழமைகளில் அந்தக் கட்டிலருகே அன்னமேரியும்தான் உட்கார்ந்திருக்கிறாள். காய்ச்சலில் அவனால் பேச முடியவில்லை. போர்வைக்குள் இருந்த கையை அவள் பார்க்கவில்லை.

இந்தியாவில் எந்த மூலையிலோ இருப்பாள் என்று தேடிய பெண், ஆசுபத்திரியிலிருந்து அரை நாள் பயணத்தில் இருந்திருக்கிறாள். கடிதமே வேண்டியிருக்கவில்லை. யாராவது ஒருவர் போய்ச் சொல்லியிருக்கலாம். உயிரோடு இருக்கும்போதே கூட்டிக்கொண்டும் வந்திருக்கலாம். அன்னமேரி இதை ஜபம் செய்யும்போது நினைத்தாள், சோறு வடிக்கும்போது நினைத்தாள். தாங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவளும் குணவதியும் போனார்கள். தோட்டத்துக்குள் வெளி ஆள் போகக்கூடாது. அதனால் தோட்டத்து எல்லையில் இருந்த மளிகைக் கடை வாசலில் காத்திருந்தார்கள். கடைக்காரர் மனைவி சலேஹா ஆள் அனுப்பி அஞ்சலையைக் கூப்பிட்டாள். ஒல்லியான, சின்னப் பெண். இடுப்பில் அரிசிப் பை. வந்ததும் வராததுமாக, "எந்தச் சிறுக்கியோட இருக்கானாம்?" என்று கேட்டாள். சேதி சொல்ல வந்தவர்கள் என்று அதற்குள் யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

அன்னமேரி வரும் வழியெல்லாம் சொல்ல வேண்டியதை யோசித்துவைத்திருந்தாள். இப்போது அதையெல்லாம் விட்டுவிட்டு நேரே சொன்னாள்.

"யாரோடயும் இல்லம்மா. அவரு இறந்துட்டாரு. மாசி மாசமே."

அஞ்சலை இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"மாசியா?"

"ஆமா."

"நான் தெனமும் அவனைத் திட்டிக்கிட்டிருக்கேனே" என்றாள் அஞ்சலை. "காலையில எழுந்ததும் முதல் வேலை அதுதானே எனக்கு. மண்ணை வாரி விட்டெறிஞ்சிருக்கேனே."

அரிசிப் பை கீழே விழுந்தது. சலேஹா ஓடிவந்து அவளைத் தாங்கிக்கொண்டாள். கொஞ்சநேரம் கழித்து அஞ்சலை கேட்டாள், "கொள்ளி யாரு வச்சா?"

"ஆசுபத்திரி வண்டியில கொண்டுபோயிப் புதைச்சுட்டாங்க" என்றாள் அன்னமேரி. இனிமேல் எதையும் அலங்கரித்துச் சொல்வதில்லை என்று தீர்மானித்திருந்தாள்.

அஞ்சலை வாயைப் பொத்திக்கொண்டாள். குணவதி அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"இங்க பாரு. என் புருசன்னு நினைச்சு, எங்க ஊருல எல்லாம் முறையாச் செஞ்சாங்க. பதினாறாம் நாள் படையல் வச்சாங்க. ஊரே வந்துச்சு. நான் வளையல் உடைச்சு, தாலி அறுத்து, பதினாறு நாளும் அழுதேன். என் புருசன் உசுரோட இருக்காரு. அதெல்லாம் உன் புருசனுக்குத்தான் போயிருக்கு. பேரு மட்டும்தான் மாறிப்போச்சு. அனாதையாப் போகல அவரு."

அஞ்சலை அவளை வெறித்துப் பார்த்தாள். நம்புவதா, இவளுக்குப் பைத்தியமா என்று புரியாத பார்வை. பிறகு குணவதியின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். வெயில் ஏறும்வரை இருவரும் அப்படியே இருந்தார்கள்.

கிளம்பும்போது அன்னமேரி, உனக்கு என்ன செய்ய வேண்டும் சொல் என்று கேட்டாள்.

"எனக்கு என்ன செய்வீங்க?" என்றாள் அஞ்சலை. கொஞ்சம் யோசித்தாள். "எங்க லயத்து வீடுங்கள்ல இருந்து மட்டும் பதினோரு ஆம்பளைங்க ஓடியிருக்காங்க. அத்தனை பேரு பொண்டாட்டியும் என்னை மாதிரிதான் திட்டிக்கிட்டிருக்கா. அவங்க பேரு, அடையாளம் எல்லாம் எனக்குத் தெரியும். அடுத்த ஞாயிறு வாங்க. அவளுங்களையும் கூட்டிட்டு வரேன்."

அடுத்த ஞாயிறு ஒன்பது பெண்கள் வந்தார்கள். அதற்கடுத்த மாதம் பக்கத்துத் தோட்டத்திலிருந்தும் வந்தார்கள். புதன்கிழமை ஒரு நாள் என்று ஆரம்பித்த வேலை, அன்னமேரிக்கு வாரம் ஏழு நாளும் ஆயிற்று. இப்படிக் கூடியவர்களை எல்லாரும் சங்கம் என்றே சொல்ல ஆரம்பித்தார்கள். முப்பதாம் வருஷம் ரப்பர் விலை விழுந்து, ஆள்களை மந்தை மந்தையாகக் கப்பல் ஏற்றி ஊருக்கு அனுப்பியபோது, புருஷன் ஒரு கப்பலும் பெண்சாதி ஒரு கப்பலுமாகப் பிரியாமல் பார்த்துக்கொண்டவர்கள் கொங்சி வீட்டு ஆள்களும் லயத்துப் பெண்களும்தான். அவர்கள் நூற்றுக்கணக்கில் துறைமுகத்தில் வந்து நின்றபோது அதிகாரிகள் பேசியே ஆகவேண்டியிருந்தது. பாக்கியநாதனுக்கு அதற்குப் பிறகு உயர்வே வரவில்லை. அன்னமேரியை இரண்டு தடவை போலீசில் கூப்பிட்டு விசாரித்தார்கள். நோட்டைக் கேட்டார்கள். நோட்டு இல்லை என்றாள். அது உண்மை.

முப்பத்துநாலாம் வருஷம்தான் ஆசுபத்திரி இறங்கி வந்தது. தமிழ் ஆள் யாராவது இறந்தால் புதைக்கும் முன் சங்கத்துக்குச் சொல்லி அனுப்புகிறோம் என்று ஒத்துக்கொண்டார்கள். முதல் தடவை ஆள் வந்தபோது அன்னமேரி காய்ச்சலில் படுத்திருந்தாள். குணவதிக்கு அது நிறைமாதம். தோட்டத்தைவிட்டு வந்து இரண்டு வருஷமாகச் சங்கத்து வேலையே பார்த்துக்கொண்டிருந்த அஞ்சலை போனாள்.

டிரெஸர் துணியை விலக்கினார். அஞ்சலை குனிந்து முகத்தைப் பார்த்தாள். இரண்டு கையையும் திருப்பிப் பார்த்தாள். காது, கழுத்து, உள்ளங்கால் எல்லாம் பார்த்தாள்.

"இவரை எனக்குத் தெரியல" என்றாள். "நாளைக் காலை வரைக்கும் வையுங்க. புதைச்சிராதீங்க. போயிக் கேட்டுட்டு வரேன்."

வெளியே வந்து, வெல்ட் கீ கொங்சி வீடுகள் பக்கம் வேகமாக நடந்தாள்.